தோலில் தடிப்பு, தலையில் மந்தம்: ஹிஸ்டமின் மூளைக்கும் ஏறிவிட்டதா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எனக்கு 41 வயது. கணக்கு ஆசிரியை. மூன்று ஆண்டுகளாகக் காணாக்கடித் தொல்லை. தினமும் காலையில் செட்ரிசின் ஒன்று போடுகிறேன். அரிப்பு தாங்காத இரவுகளில், அதாவது வாரத்தில் நான்கைந்து நாள், பழைய குளோர்பெனிரமின் மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். சில மாதங்களாகப் புதிதாக ஒன்று. பலகையில் பாதிக் கணக்கு போட்டுவிட்டு, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் சாக்பீசும் கையுமாக நின்றுவிடுகிறேன். காலை 11 மணி வரை தலைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருக்கிறது. ஹிஸ்டமின் மூளையில் அழற்சியை உண்டாக்கும் என்று படித்தேன். என் உடம்பில் ஊறும் ஹிஸ்டமின் மூளைக்கும் ஏறிவிட்டதா? மாத்திரையைக் கூட்டினால் தெளியுமா? ரத்தத்தில் ஹிஸ்டமின் அளவைப் பார்க்கலாமா? இன்னொன்று: என் மாமியாருக்கு 72 வயது. தூக்கம் வரவில்லை என்று என் இரவு மாத்திரையைத் தினமும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போடலாமா?"

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது '11 மணி வரை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மூளையில் அழற்சி இருந்தால் அதன் மந்தம் இப்படிச் சொல்லிவைத்ததுபோல் தினமும் ஒரே நேரத்தில் விலகாது. நேரம் பார்த்து விலகுவது பெரும்பாலும் மருந்துதான். என் சந்தேகம் ஹிஸ்டமின்மீது இல்லை, ஹிஸ்டமினை அடக்க நீங்கள் போடும் இரவு மாத்திரைமீது. ஆனால் நீங்கள் படித்ததும் வெறும் கட்டுக்கதை இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தோல். மூடிய பேனாவின் முனையால் முன்கையின் உட்பக்கத்தில் அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சில நொடிகளில் கோடு சிவக்கும். பிறகு அந்தச் சிவப்பு இருபக்கமும் படரும். அடுத்த சில நிமிடங்களில் கோடு மெல்லத் தடிக்கும். காணாக்கடி உள்ளவர்களில் சிலருக்குக் கயிறு ஒட்டிவைத்ததுபோலவே எழும்பி நிற்கும். தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1920களில் இந்த மூன்று படிகளையும் வரிசைப்படுத்தி எழுதினார். தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் தங்கள் பைகளை உடைத்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது சிறு ரத்தக்குழாய்களின் சுவரைத் தளர்த்துகிறது. இடுக்குகள் வழியே நீர் கசிகிறது. தடிப்பு என்பது அந்தக் கசிவுதான். நோய்க்கிருமி நுழைந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் போய்ச்சேர இந்தக் கசிவு தேவை. உங்களுக்கு நடப்பது கிருமியே இல்லாமல் கதவு திறப்பது.

மூளையில் இந்தக் கதவு வேறு மாதிரி. அங்குள்ள நுண்குழாய்களின் சுவரில் செல்கள் ஒன்றோடொன்று தைத்ததுபோல் இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. ரத்த-மூளைத் தடுப்பு என்று சொல்வது இதைத்தான். ரத்தத்தில் இருக்கும் ஹிஸ்டமின் இதைத் தாண்டிப் போகாது. தாண்டுவதற்கு அதற்கு நேரமும் இல்லை. ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான், நொதிகள் உடனே சிதைத்துவிடும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தோலில் கொட்டிய ஹிஸ்டமின் மூளைக்கு ஏறவில்லை.

ஆனால் மூளைக்குச் சொந்தமாக ஹிஸ்டமின் உண்டு. இதைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மூளையின் அடியில், ஹைப்போதலாமஸின் பின்பகுதியில், ஒரு சின்னக் கூட்டமாகச் சில நரம்பணுக்கள் இருக்கின்றன. மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஹிஸ்டமின் சுரப்பவை ஏறத்தாழ 64,000 மட்டுமே. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகைதானே என்று நினைக்கலாம், ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் ஏறக்குறைய எல்லா மூலைக்கும் போகின்றன. நாம் விழித்திருக்கும்போது அவை துடிக்கும், தூங்கும்போது அடங்கிவிடும். அவற்றின் வேலை நம்மை விழிப்பாக, கவனமாக வைத்திருப்பது.

இந்த இடத்தின் முக்கியத்துவத்தை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு மூளை அழற்சி நோய்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சல் பரவியது. நோயாளிகள் வாரக்கணக்கில் தூங்கினார்கள், சாப்பிடும்போதே தூங்கினார்கள். 1917-இல் அதை விவரித்த வியன்னாவின் கான்ஸ்டன்டின் வான் எகனமோ, அப்படி இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டார். அங்கே ஹிஸ்டமின் அணுக்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. அது தெரியவந்தது 1984-இல். இடையில் 67 ஆண்டுகள்.

பிற்பாடு, மரபணுவை மாற்றி, ஹிஸ்டமினே தயாரிக்க முடியாத எலிகளை உருவாக்கினார்கள். சாதாரண எலியைப் புதிய கூண்டில் விட்டால் மூலை மூலையாக முகர்ந்து திரியும். இந்த எலிகள் கொஞ்ச நேரத்திலேயே தூங்கிப்போயின. புதிய இடம், விழித்திருக்க வேண்டிய இடம், ஆனாலும் விழிப்பைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. பலகைக்கு முன்னால் நீங்கள் நிற்கும் காட்சி எனக்கு இந்த எலிகளைத்தான் நினைவூட்டியது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் குளோர்பெனிரமின் உங்கள் மூளையில் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான். ஹிஸ்டமின் தன் வேலையைச் செய்ய ஒரு ஏற்பியில் பொருந்த வேண்டும். நான்கு வகை ஏற்பிகள் உண்டு, எச்1 முதல் எச்4 வரை. தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவது எச்1. மூளையில் விழிப்பைத் தருவதிலும் பெரும்பங்கு அதே எச்1-க்குத்தான். பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை, ரத்த-மூளைத் தடுப்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் பெட் ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறார்கள்: குளோர்பெனிரமின் வகை மருந்து சிறிய அளவிலேயே மூளையின் எச்1 ஏற்பிகளில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. செட்ரிசின் அதைவிட மிகக் குறைவு. ஃபெக்ஸோஃபெனடின் ஏறக்குறைய தொடுவதே இல்லை; உள்ளே நுழைந்தாலும் தடுப்புச் சுவரில் உள்ள ஒரு புரதம் அதைத் திருப்பி வெளியே தள்ளிவிடுகிறது.

குளோர்பெனிரமினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி. இரவு 10 மணிக்குப் போட்டால் மறுநாள் முதல் பாடவேளையில் பாதிக்கும் மேல் உடம்பில் இருக்கும். வாரத்தில் நான்கைந்து நாள் என்றால் அது முழுதாக வெளியேற வாய்ப்பே கொடுப்பதில்லை. 'ராத்திரி போட்ட மாத்திரைதானே' என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். நானும் மாணவனாக இருந்தபோது ஒழுகும் மூக்கோடு அதைப் போட்டுக்கொண்டு மருந்தியல் தேர்வுக்குப் போனவன்தான். ஆன்டிஹிஸ்டமின்களின் பக்கவிளைவுகள் பற்றி ஒரு கேள்வி. 'உறக்கம்' என்று எழுதியதற்குப் பிறகு அந்தத் தாளில் ஒரு நீண்ட கோணல் கோடுதான் இருந்தது.

இனி அழற்சிக்கு வருகிறேன். ஹிஸ்டமின் மூளை அழற்சியில் பங்கெடுக்கிறதா? எடுக்கிறது. எந்தப் பக்கம் நின்று என்பதுதான் சிக்கல்.

மூளையின் உறைகளிலும், சில ரத்தக்குழாய்களை ஒட்டியும் மாஸ்ட் செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆனால் நிற்கும் இடம் முக்கியமானது: கதவுக்குப் பக்கத்திலேயே. எலிகளுக்கு மூளையில் ரத்த அடைப்பை உண்டாக்கினால் இவை முதல் சில மணி நேரத்திலேயே தங்கள் பைகளைக் கொட்டுகின்றன, தடுப்புச் சுவர் கசிகிறது, மூளை வீங்குகிறது. மாஸ்ட் செல்களை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் வீக்கம் குறைகிறது. தோலில் பேனாக்கோடு தடித்ததே, அதேதான், விரிய இடமில்லாத மண்டையோட்டுக்குள் நடக்கிறது.

அடுத்தது மைக்ரோகிளியா. மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள். ரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு அங்கே சாதாரணமாக அனுமதி இல்லாததால் குப்பையை அள்ளுவதும் கிருமியைத் தின்பதும் இவற்றின் பொறுப்பு. இவற்றின்மேல் ஹிஸ்டமின் ஏற்பிகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் மைக்ரோகிளியாவை வளர்த்து ஹிஸ்டமினை மட்டும் ஊற்றினால் அவை கிளர்ந்து, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் பொருள்களைச் சுரக்கின்றன. நீங்கள் படித்த கட்டுரை அநேகமாக இங்கேயே நின்றிருக்கும். ஆனால் அதே செல்களைப் பாக்டீரியாவின் நச்சால் ஏற்கெனவே கிளறிவிட்டு, அதன்மேல் ஹிஸ்டமினை ஊற்றினால் ஆட்டம் அடங்குகிறது. அமைதியாக இருப்பவரை உசுப்பிவிடும், கொதித்துக்கொண்டிருப்பவரைத் தணிக்கும். அதே வேதிப்பொருள்.

இன்னும் பெரிய ஆச்சரியம் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் ஆய்வுகளில். சொந்த எதிர்ப்பாற்றலே நரம்பின் உறையைத் தின்னும் நோய் அது. எலிகளில் அதற்கு ஒப்பான நோயை உண்டாக்கிப் பார்த்தார்கள். எச்1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு நோய் லேசாக வந்தது. சரி, அப்படியானால் ஹிஸ்டமினே இல்லாத எலிகளுக்கு இன்னும் லேசாகத்தானே வர வேண்டும்? கடுமையாக வந்தது. எச்4 இல்லாத எலிகளுக்கும் கடுமை. ஹிஸ்டமின் ஒரு ஏற்பி வழியாகத் தீயை மூட்டிக்கொண்டே இன்னொன்றின் வழியாக அதன்மேல் மண்ணையும் போட்டுக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மொத்தமாகப் பிடுங்கி எறிந்தால் மண் போடும் கையும் சேர்ந்து போய்விடுகிறது.

எதிர்ப்பாற்றலை அடக்கும் வேலையில் எச்2-வுக்குப் பெரிய பங்கு. தேனீ வளர்ப்பவர்களைப் பாருங்கள். பருவம் தொடங்கும்போது கொட்டு வாங்கினால் வீங்கும். தொடர்ந்து கொட்டு வாங்க வாங்க உடம்பு பழகிவிடும். அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தபோது டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் எச்2 ஏற்பிகள் கூடி, அந்தச் செல்கள் அழற்சியைத் தணிக்கும் பொருளைச் சுரக்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஹிஸ்டமினையே மருந்தாகவும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோயில், முதல் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமலிருக்க, இன்டர்லூகின்-2 என்ற மருந்தோடு சேர்த்து ஹிஸ்டமின் ஊசி போட ஐரோப்பாவில் 2008-இல் அனுமதி தந்தார்கள். புற்றுச்செல்லைக் கொல்லும் வெள்ளணுக்களை அது காப்பாற்றுகிறது என்பது காரணம். ஒவ்வாமை உள்ள நமக்கு ஹிஸ்டமின் என்றாலே எரிச்சல்தான். இதையெல்லாம் கேட்டால் அதன்மேல் கொஞ்சம் மரியாதை வருகிறது, எனக்காவது வருகிறது.

அப்படியானால் மூளை நோய்களுக்கு ஆன்டிஹிஸ்டமின் கொடுத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ரஷ்யாவில் ஒவ்வாமைக்குப் பயன்பட்ட லாட்ரெபிர்டின் என்ற மருந்து அல்சைமர் நோய்க்கு உதவும் என்று பெரிய நம்பிக்கை கிளம்பியது. 2010-இல் பெரிய பரிசோதனையில் தோற்றது. கிளெமாஸ்டின் என்ற பழைய ஆன்டிஹிஸ்டமின், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளின் பார்வை நரம்பில் செய்தி போகும் வேகத்தைச் சற்றே மீட்டது; 2017-இல் வெளியான அந்தப் பரிசோதனையில் 50 பேர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பலனுக்குக் காரணம் ஹிஸ்டமினை மறிப்பது இல்லை, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பி ஒன்றை மறிப்பது. பிறகு இன்னொரு ஆய்வில் அதே மருந்தைப் பெற்ற சிலருக்கு நோய் வேகமாக முற்றியதால் பாதியில் நிறுத்தினார்கள். கடையில் வாங்கும் சளி மாத்திரை மூளை அழற்சியைத் தணிக்கும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கதைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையில் ஒரு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. எச்3 ஏற்பி ஹிஸ்டமின் அணுக்களுக்கு பிரேக் போன்றது. பிட்டோலிசன்ட் அந்த பிரேக்கைத் தளர்த்தி மூளையில் ஹிஸ்டமினைக் கூட்டுகிறது. பகலில் அடக்க முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்சி நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கிறோம், விழித்திருக்கிறார்கள். மூளையில் ஹிஸ்டமின் கூடினாலே மந்தம் வரும் என்பது சரியாக இருந்தால் இந்த மருந்து அவர்களை இன்னும் மந்தமாக்கியிருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மந்தத்தைப் போக்க மாத்திரையைக் கூட்டாதீர்கள். குளோர்பெனிரமினை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். முதல் சில இரவுகள் அரிப்பு படுத்தலாம். அதற்காக உங்கள் தோல் மருத்துவரை முன்பே பார்த்து, செட்ரிசினுக்குப் பதில் ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஒன்றுக்கு மாறலாமா என்று கேளுங்கள். செட்ரிசினும் சிலரைத் தூங்கவைக்கும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கு, மருத்துவர் மேற்பார்வையில், புதிய தலைமுறை மாத்திரையை வழக்கமான அளவைப்போல் நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்பது ஏற்கப்பட்ட வழிமுறை. அதுவும் போதாவிட்டால் ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. ஆக, அரிப்புக்காகக் கூட்டுவது வேறு, தலை தெளிய வேண்டும் என்று கூட்டுவது வேறு. எதையும் நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

இந்த இரண்டு வாரமும் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன மாத்திரை, இரவில் அரிப்பால் எத்தனை முறை எழுந்தீர்கள், காலையில் தலை எத்தனை மணிக்குத் தெளிந்தது. கணக்கு ஆசிரியைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரையை விட்டும் மந்தம் போகவில்லை என்றால் நான் பார்ப்பது வேறு சிலவற்றை. முதலாவது தைராய்டு. நாள்பட்ட காணாக்கடியும், எதிர்ப்பாற்றல் தைராய்டைத் தாக்கும் நோயும் சேர்ந்து வருவது அரிதில்லை. தைராய்டு குறைந்தால் மறதியும் மந்தமும் வரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12 ஆகியவற்றையும் பாருங்கள். இரவெல்லாம் சொறிந்துகொண்டு விட்டுவிட்டுத் தூங்கினால் எந்த மூளையும் மந்தமாகத்தான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தோலில் ஓயாமல் அழற்சி இருந்தால் ரத்தத்தில் சைட்டோகைன்கள் கூடி மூளைக்குச் 'சோர்ந்து படு' என்ற செய்தியை அனுப்பவும் செய்யும்; காய்ச்சலின்போது நமக்கு வரும் அசதி அந்த வழியில் வருவதுதான். அழற்சிக்கும் மந்தத்துக்கும் இடையில் நீங்கள் தேடிய தொடர்பு இருக்கும் இடம் இதுதான். அதற்கும் மருந்து காணாக்கடியை ஒழுங்காகக் கட்டுப்படுத்துவதே.

திடீர்க் குழப்பம், கழுத்து இறுக்கத்தோடு காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் இழுப்பது, பேச்சுக் குழறல், இவற்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடிப்போடு தொண்டை அடைத்தாலோ மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ அதற்கும் அப்படியே. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் ஹிஸ்டமின் அளவு: வேண்டாம். நிமிடங்களில் மறையும் பொருளை, ஊசி குத்தும் நேரத்தில் அளந்து என்ன தெரியும்? மாஸ்ட் செல்கள் உடம்பு முழுக்கக் கொட்டுகின்றனவா என்ற சந்தேகம் இருந்தால், கடுமையான தாக்குதல் வந்த ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள், அந்தச் செல்கள் கொட்டும் ட்ரிப்டேஸ் என்ற நொதியின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள், பிறகு நலமாக இருக்கும் ஒரு நாளில் மறுபடி பார்த்து ஒப்பிடுவார்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு அவசியமே தெரியவில்லை.

கடைசிக் கேள்வியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. 72 வயதில் குளோர்பெனிரமின் தினமும் போடக் கூடாது. அது ஹிஸ்டமினோடு நிற்காமல் அசிட்டைல்கோலினையும் மறிக்கிறது. நினைவுக்கு வேண்டிய பொருள் அது. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுதல், சில சமயம் புத்தி பேதலித்ததுபோல் பேசுதல், எல்லாம் வரலாம். 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்துகளை நீண்ட காலம் அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் தூக்கத்துக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா?

மாத்திரையைக் கொடுப்பதை நிறுத்துங்கள். அவருக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்; வலியா, இரவில் அடிக்கடி சிறுநீர் போவதா, மனச்சோர்வா, பகல் தூக்கமா, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சமீபத்தில் அவருக்கு மறதி கூடியதுபோல் தெரிந்தால், இந்த இரவு மாத்திரையை எப்போதிலிருந்து போட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள்.